கண்காட்சி முடிந்த பிறகும் புத்தகம் வாங்குவோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நான் இருபது வருடமாகப் போய்வரும் சின்னப் புத்தகக் கடை தை மாதத்துக்கு அப்புறம் இருக்காது போலிருக்கிறது. கடைக்கார அண்ணனே போன வாரம் சொன்னார். கேட்டதிலிருந்து மனசு சரியில்லை.

2011 டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் அடித்து ஊரே இருட்டில் கிடந்ததை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, டிவி இல்லை, செல்போனில் சார்ஜ் இல்லை, ஏழு வயசு மகள் அழுதுகொண்டே இருந்தாள். கடைப் பக்கம் போனால் அண்ணன் நனைந்த புத்தகங்களை வாசலில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். நனையாத சிறுவர் கதைகளாக நாலைந்து பொறுக்கிக் கொடுத்து, காசு அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்தவள் இன்று சொந்தச் சம்பளத்தில் புத்தகம் வாங்குகிறாள்.

நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு பஸ் ஏறிப் போனவர்கள்தான் நாம். இப்போது மாவட்டந்தோறும் அரசே கண்காட்சி நடத்துகிறது, ரொம்ப நல்ல விஷயம். ஆனால் அந்தப் பத்து நாளில் பை நிறைய வாங்கிவிட்டு, மிச்ச நாளெல்லாம் ஊர்க் கடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காவிட்டால் அந்தக் கடை எப்படி நிற்கும்? பதிப்பகம் விலையில் குறைத்துத் தரும் கழிவில்தான் வாடகை, கரண்ட் பில், சென்னையிலிருந்து வரும் பார்சல் கூலி எல்லாம் போக வேண்டும், அதிலும் ஆன்லைன் விலைக்குக் கொடுங்கள் என்று கேட்டால் அவர் கையில் என்ன மிஞ்சும்?

இன்னொன்று. ஒரு காலத்தில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அடித்த தமிழ்ப் புத்தகங்களை இப்போது நூறு, இருநூறு என்றுகூட அடிக்கிறார்கள். புதிதாக எழுத வந்த ஒருவரின் கவிதைத் தொகுப்பைப் பெயர் தெரிந்தால் ஆன்லைனில் தேடலாம், சரி. பெயரே தெரியாத புத்தகம் நம் கண்ணில் படுவது கடை மேசையில்தான். புதுமைப்பித்தன் 1906-ல் பிறந்தது இதே திருப்பாதிரிப்புலியூரில், ஜெயகாந்தன் 1934-ல் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். இந்த ஊரில் ஒரு கதைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து வாங்கக் கடை இல்லாமல் போனால் எனக்கு அவமானமாக இருக்கும்.

பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாப் பரிசாகப் பிளாஸ்டிக் டப்பாவும் ஷீல்டும் கொடுப்பதை விட்டு, உள்ளூர்க் கடையில் புத்தகமாக வாங்கிக் கொடுங்கள். ஒரே ஒரு பள்ளியின் ஆர்டர் வந்தால் இரண்டு மாத வாடகையைக் கட்டிவிடலாம் என்கிறார் அண்ணன். மற்றவர்கள், கேட்ட புத்தகம் கடையில் இல்லையென்றால் உடனே போனை எடுத்து ஆன்லைனில் வாங்காமல் முன்பணம் கொடுத்துச் சொல்லி வையுங்கள், நாலைந்து நாளில் வரவழைத்துத் தருவார்கள். நான் மூன்று புத்தகத்துக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை பார்சல் வருமாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.