டிரைவிங் அயர்னா, ஹைபிரிட்டா: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கிரிக்கெட் மட்டையும் இறகுப்பந்து மட்டையும் விற்றுவந்த கடையில் கோல்ஃப் கிளப்புக்கு, அதாவது பந்தை அடிக்கும் கோலுக்கு, ஓர் அலமாரி ஒதுக்கியபோது, தஞ்சாவூரில் இதை யார் வாங்கப்போகிறார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று பல ஊர்களிலிருந்து நீங்கள் வந்தீர்கள். டாக்டர்கள், ஓய்வுபெற்ற பாங்க் அதிகாரிகள், சிங்கப்பூரில் ஆடிப் பழகிவிட்டு ஊர் திரும்பியவர்கள். அந்த அலமாரி இன்றைக்கும் இருக்கிறது என்றால் அது உங்களால்தான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

சில வாரங்களாக வாட்ஸ்அப்பில் ஒரு பேச்சு சுற்றுகிறது. டிரைவிங் அயர்ன் (தூரம் அடிப்பதற்கான ஒல்லித் தலை இரும்புக் கிளப்) கேட்டுப் போனால் இந்தக் கடைக்காரர் ஹைபிரிட்டை (அயர்னும் பருத்த தலை வுட்டும் கலந்த கிளப்) தலையில் கட்டுகிறார், அதில்தான் அவருக்கு லாபம் என்று. எழுதியவர் நம் பழைய வாடிக்கையாளர். யார் என்று சொல்ல மாட்டேன், அவர் மீது கோபமும் இல்லை. விலை கூடிவிட்டது என்று எழுதியிருந்தால் எனக்கு வருத்தம் இருந்திருக்காது, அது உண்மைதான். ஆனால் காசுக்காக ஒருவருக்குப் பொருந்தாத பொருளைக் கொடுத்தேன் என்பதைப் பொறுக்க முடியவில்லை. இரண்டுக்கும் எனக்கு ஒரே மார்ஜின்தான். கொள்முதல் பில் மேசையிலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சரி, ஏன் ஹைபிரிட் என்று சொல்கிறேன்?

இரண்டிலும் 18 டிகிரி என்று எழுதியிருக்கும், அது பந்தை அடிக்கும் முகத்தின் சாய்வு. அந்த எண்ணை வைத்து இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. ஹைபிரிட்டின் தலை பின்பக்கம் நீண்டிருக்கும், எடை கீழேயும் முகத்துக்குப் பின்னாலும் தள்ளி இருக்கும். அதனால் பந்து சுலபமாக மேலே ஏறும், உயரத்திலிருந்து இறங்குவதால் விழுந்த இடத்தில் நிற்கும். டிரைவிங் அயர்னின் தலை உள்ளே கூடாக இருந்தாலும் ஒல்லியானது. பந்து தாழ்வாகக் கிளம்பும், சுழற்சி குறைவு, தரையில் விழுந்த பிறகு உருளும். அதை வேண்டிய உயரத்துக்கு ஏற்றுவதற்கு வேகம் வேண்டும். டிரைவரை, அதாவது பையிலேயே அதிக தூரம் அடிக்கும் கிளப்பை, மணிக்கு 100 மைல் வேகத்தில் சுழற்றுகிறவருக்கு அது நல்ல கருவி. நம்மில் பெரும்பாலோர் 90 மைலை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கிறோம். அந்த வேகத்தில் பந்து சீக்கிரமே தரைக்கு வந்துவிடும்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. உளுந்து எடுத்து முடித்த பிறகு, மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறக்கும்வரை, டெல்டா வயல்கள் வெடித்துக் கட்டாந்தரையாகக் கிடக்கும். உங்களில் பலர் பயிற்சி செய்வது அங்கேதான். அந்தத் தரையில் டிரைவிங் அயர்னால் அடித்தால் பந்து எங்கேயோ ஓடும். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் நீங்கள் ஆடப் போவது கொடைக்கானல் அல்லது ஊட்டி. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது, கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். ஈரப் புல், பந்து உருளாது. மலைக்காற்று லேசு என்பதால் தூரம் கூடும் என்பீர்கள், கூடும்தான். அதே காரணத்தால் பந்து மேலெழும்புவதும் குறையும். ஏற்கெனவே தாழ்வாகப் போகிற பந்து இன்னும் தாழ்வாகப் போகும். நீளப் புல்லில் மாட்டினால் அயர்னின் கழுத்தைப் புல் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், ஹைபிரிட்டின் உருண்ட அடிப்பாகம் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

2006 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் இங்கிலாந்தின் ஹாய்லேக்கில் டைகர் உட்ஸ் நான்கு சுற்றிலும் சேர்த்து ஒரே ஒரு முறைதான் டிரைவரை எடுத்தார், மற்றபடி பெரும்பாலும் நீள அயர்ன்களை வைத்தே ஜெயித்தார் என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. அந்தக் கோடையில் ஹாய்லேக் மைதானம் காய்ந்து வறண்டு கிடந்தது. நம் சித்திரை வயல் மாதிரி. அதே உட்ஸை 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப் போட்டியில் கொரியாவின் ஒய். இ. யாங் தோற்கடித்தபோது, கடைசிக் குழியில் 200 கஜத்துக்கும் மேலிருந்து கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல் தரைக்கு) பந்தை ஏற்றியது 3 நம்பர் ஹைபிரிட்டால். இருவர் கையிலும் இருந்தது அந்தந்த இடத்துக்குச் சரியான கிளப்.

டிரைவிங் அயர்ன் யாருக்குமே வேண்டாம் என்று நான் சொன்னதே கிடையாது. 4 நம்பர் அயர்னைத் தரையிலிருந்து சுத்தமாக உயர்த்தி அடிக்கிறவர் தாராளமாக வாங்கலாம். டீயிலிருந்து (பந்தைத் தாங்கும் சிறு ஆணியிலிருந்து) மட்டும் அடிக்க வேண்டும், எதிர்காற்றில் பந்து தாழ்வாகப் போக வேண்டும் என்கிறவரும் வாங்கலாம். ஹைபிரிட்டை எடுத்தாலே பந்து இடது பக்கம் வளைகிறது என்று தவிக்கிறவருக்கு நானே டிரைவிங் அயர்ன் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதை வாட்ஸ்அப்பில் யாரும் எழுதவில்லை. நம்பர் குறையக் குறையப் பந்தை ஏற்றுவது கடினம், அதனால் 4 நம்பரே ஏறாதவர் 2 நம்பர் கேட்கும்போதுதான் தடுக்கிறேன். ஒருவர் பையில் 14 கிளப்தான் வைக்கலாம், அதில் ஒன்று சும்மா கிடக்கக் கூடாது.

புகார் சொன்னவரின் பிரச்சினையும் அந்த இடது வளைவுதான். ஹைபிரிட்டை வுட் மாதிரி புல்லைத் துடைத்துக்கொண்டு அடிக்கக் கூடாது, அயர்ன் மாதிரி லேசாகக் கீழ்நோக்கி அடிக்க வேண்டும். பந்து இடது குதிகாலிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் உள்ளே இருக்கட்டும். அப்படியும் வளைந்தால் ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) அவருக்கு லேசாக இருக்கலாம், கொஞ்சம் கனமானதாக மாற்றினால் நேராகலாம். அவர் வந்தால் ஷாஃப்ட் மாற்றும் கூலியை வாங்க மாட்டேன்.

பட்டறையில் உங்கள் எல்லோருக்கும் பழக்கமான தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். நல்ல கைவேலைக்காரர், அவர் நன்றாக இருக்க வேண்டும். இப்போதைக்கு ஷாஃப்ட், கிரிப் (கைப்பிடி உறை) வேலையை நானே பார்ப்பதால் சனிக்கிழமை மட்டும்தான் முடிகிறது. டாலர் ஏற்றத்தால் கிரிப் விலை கூடியிருக்கிறது, வெளியே எடுத்துப்போகும் சோதனைக் கிளப்புக்கு அடுத்த மாதத்திலிருந்து ஒரு சிறு முன்பணமும் உண்டு.

இந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குப் போன் செய்து, "நீங்க கவலைப்படாதீங்கண்ணே" என்று சொன்னவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒரு பெரியவர் திருவாரூரிலிருந்து பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். எதையும் வாங்க வரவில்லை, பார்த்துப் பேசிவிட்டுப் போகத்தான் வந்தார். உங்களை மாதிரி மனிதர்களுக்குக் கடை நடத்துவது என் பாக்கியம்.

சந்தேகம் இருப்பவர்கள் தயங்காமல் வாருங்கள். கடைக்குப் பின்னால் வலை கட்டியிருக்கிறேன், வேகம் அளக்கும் கருவியும் இருக்கிறது. இரண்டையும் அடித்துப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். வரும்போது உங்கள் 4 நம்பர் அயர்னையும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
தஞ்சாவூர்