அக்டோபர்லயும் கிண்டர் ஸ்கௌட் போகலாம், ஆனா ஜீன்ஸ் போட்டுட்டுப் போகாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்க சுற்றுலாப் பக்கத்துல இங்கிலாந்து மூர்லேண்ட் (மரமில்லாத, புல்லும் புதரும் சதுப்புமான மேட்டுநிலம்) பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். படம் அருமை, கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் ஊதாப்பூ, மேல ஒரு பொட்டு மேகம் கூட இல்லாத வானம். ஆனா கடைசில "செப்டம்பரோட சீசன் முடிஞ்சிடும், அப்புறம் மழையும் சேறும்தான்"னு முடிச்சிருந்தீங்க, அங்கதான் எனக்கு ஒத்துப்போகல. நான் மான்செஸ்டர்ல இருக்கேன், பக்கத்துல இருக்கற பீக் டிஸ்ட்ரிக்ட்ங்கற மலைப்பகுதி மேட்டுல எல்லா சீசன்லயும் நடந்திருக்கேன், என்னைக் கேட்டா அக்டோபர் கடைசி மாதிரி வராது. உங்க படத்துல இருந்த ஊதாப்பூ, அதாவது ஹெதர், பூக்கறது ஆகஸ்ட்லதான், அக்டோபர்ல அது காஞ்சு பழுப்பாயிடும், அதெல்லாம் சரிதான். ஆனா சரிவு பூரா பிராக்கன்ங்கற பெரணிச் செடி துருப்பிடிச்ச இரும்பு கலர்ல கிடக்கும், மேல புல்லு ஆரஞ்சும் சிவப்புமா மாறியிருக்கும், ஒரு மழை பெஞ்சு விட்டா காத்து அப்படியே கழுவி விட்ட மாதிரி ஆயி ரொம்ப தூரம் தெரியும். கூட்டமும் பாதியாயிடும், கடிக்கற குட்டிப் பூச்சியும் இருக்காது.

மழையும் சேறும் இருக்குமான்னா கண்டிப்பா இருக்கும், அதுக்கு பயந்து போகாம இருக்கணுமா இல்ல அதுக்குத் தக்கபடி ரெடியாகிப் போகணுமாங்கறதுதான் கேள்வி. போன அக்டோபர்ல போன ஒரு நடையைச் சொல்றேன், நீங்களே பாருங்க.

ஆபீஸ் நண்பர் ஒருத்தரும், புதுசா இங்க படிக்க வந்த ரெண்டு பசங்களும், நானும். மான்செஸ்டர்ல இருந்து ஷெஃபீல்ட் போற லைன்ல ஈடேல்னு ஒரு சின்ன ஸ்டேஷன், முக்கால் மணி நேரம் கூட ஆகாது, இறங்கி நடக்க ஆரம்பிச்சுடலாம், கார் தேவையே இல்ல. கிண்டர் ஸ்கௌட்னா பீக் டிஸ்ட்ரிக்ட்லயே உசரமான இடம், 636 மீட்டர். மலைன்னு சொன்னவுடனே பசங்க கூர்மையா ஒரு உச்சியைத் தேடுனாங்க, அப்படி எதுவும் கிடையாது. மேல போனா தட்டையா, மைல் கணக்குல பீட் மண்ணும் (மக்காத செடி அமுங்கி உண்டான கறுப்புச் சதுப்பு மண்ணு) புல்லும்தான், அந்த 636 மீட்டர் பாயின்ட் எங்கயோ சேத்துக்கு நடுவுல இருக்கும், அதுக்குன்னு ஒரு தூண் கூட கிடையாது. எல்லாரும் நின்னு போட்டோ எடுக்கற, நில அளவைக்காக வச்ச வெள்ளைத் தூண் கிண்டர் லோங்கற இடத்துல இருக்கு, அது 633 மீட்டர், பாதை ஓரமாவே வரும்.

காலைல பள்ளத்தாக்கு முழுக்க பனிமூட்டம். அப்பர் பூத்ங்கற பண்ணை வீடுகளைத் தாண்டறப்ப வெயில் சுள்ளுன்னு அடிச்சுது, ஜாக்கெட்டைக் கழட்டிப் பைக்குள்ள போட்டோம். ஜேக்கப்ஸ் லேடர்னு ஒரு கல்படி ஏத்தம் இருக்கு, மூச்சு வாங்கும், அதுல பாதி ஏறும்போதே மேற்குப் பக்கம் வானம் கறுக்க ஆரம்பிச்சுது. தம்பிகள்ல ஒருத்தன், "அண்ணா, அது சும்மா மேகம், வந்துட்டுப் போயிடும்"னான். போயிடும்தான், ஆனா நம்ம மேல பெஞ்சுட்டுதான் போகும்! அட்லான்டிக் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்துட்டு வர்ற காத்து மேற்குக் கரையோர சமவெளியைத் தாண்டி முதல்ல முட்டற மேடு பென்னைன்ஸ் மலைத்தொடர்தான் (கிண்டரும் அதுல ஒரு பகுதி), காத்து மேல ஏறும், குளிரும், மேகமாயி அங்கயே கொட்டும். ஊருக்குள்ள வெயில் அடிக்கறப்பவே மேல மழை பெய்யறது இதனாலதான், மான்செஸ்டர் ஃபோர்காஸ்ட்டை மட்டும் பார்த்துட்டு வர்றவங்க மாட்டறதும் இதனாலதான். மெட் ஆபீஸ்ங்கற இங்கத்து வானிலைத் துறை மலைகளுக்குன்னே தனியா ஃபோர்காஸ்ட் போடறாங்க, பீக் டிஸ்ட்ரிக்டுக்கும் உண்டு, அதைப் பார்க்கணும்.

கிண்டர் லோ தூண்கிட்ட வந்தப்ப ஆலங்கட்டி. பெருசு இல்ல, மிளகு சைஸ்தான், ஆனா பக்கவாட்டுல அடிக்கற காத்தோட சேர்ந்து கன்னத்துல ஊசி மாதிரி குத்துச்சு. ஸ்டேஷனுக்கும் இங்கயும் உசர வித்தியாசம் ஒரு 400 மீட்டர்தான், கணக்குப்படி பார்த்தா ரெண்டு மூணு டிகிரி குறையணும் அவ்ளோதான், ஆனா காத்தும் ஈரமும் சேர்ந்தா உடம்புக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அந்தத் தம்பி போட்டிருந்தது ஜீன்ஸ். காட்டன் தண்ணியைக் குடிச்சு வச்சுக்கும், சீக்கிரம் காயாது, தொடையோட ஒட்டிக்கிட்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். பத்து நிமிஷத்துல அவன் பேச்சு நின்னு போச்சு, கை நடுங்கி சாக்லேட் கவரைப் பிரிக்க முடியல. பாறை மறைவுல உட்கார வச்சு, என் பைல இருந்த எக்ஸ்ட்ரா வாட்டர்ப்ரூஃப் பேன்ட்டையும் ஃப்ளீஸையும் மாட்டிவிட்டு, ஃப்ளாஸ்க்ல இருந்து சூடா ஊத்திக் குடுத்தப்புறம்தான் மூஞ்சில ரத்தம் வந்துச்சு. பாலியஸ்டர் ட்ராக் பேன்ட் போட்டுட்டு வந்திருந்தாக் கூட இவ்ளோ ஆகியிருக்காது.

ஆலங்கட்டி நின்னுது, மூட்டம் வந்துச்சு. பயப்படணும்னா இதுக்குத்தான் பயப்படணும், மழைக்கு இல்ல. மேல தட்டையா இருக்கறதால திசை தெரியாது, போதாததுக்கு பீட் மண்ணைத் தண்ணி அரிச்சு அரிச்சு ஆள் உசரத்துக்குப் பள்ளங்கள் ஓடும், இங்கத்து ஆளுங்க அதை கிரஃப்னு சொல்லுவாங்க. ஒரு கிரஃப்ல இறங்கி ஏறினா அடுத்தது, எல்லாம் ஒரே மாதிரி கறுப்பு, நேராப் போறோம்னு நினைச்சுக்கிட்டே வளைஞ்சு வேற எங்கயோ போயிடுவோம். போன்ல மேப் இருக்கேம்பீங்க, குளிர்ல பேட்டரி மடமடன்னு இறங்கும், ஈர விரலுக்கு ஸ்கிரீன் வேலையே செய்யாது. ஆர்ட்னன்ஸ் சர்வேங்கற அரசு நில அளவைத் துறையோட பேப்பர் மேப்பும் (இந்தப் பகுதிக்கு டார்க் பீக்னு பேரு, ஓஎல்1 நம்பர் ஷீட்) ஒரு காம்பஸும் வேணும், அதோட அதைப் பார்க்கத் தெரிஞ்ச ஒரு ஆளும் வேணும். நாங்க நடுவுல இறங்காம விளிம்போரப் பாதையைப் பிடிச்சே போனோம், ஒரு பக்கம் சரிவு இருந்தா அதுவே வழிகாட்டிடும்.

அப்படியே கிண்டர் டௌன்ஃபால் வரைக்கும் போனோம். சுமார் 30 மீட்டர் அருவி, வெயில் காலத்துல போனீங்கன்னா ஒரு ஒழுக்கு மாதிரிதான் இருக்கும், "இதுக்கா இவ்ளோ தூரம்"னு கேப்பீங்க. மழைக்கப்புறம் பலமா மேற்குக் காத்து அடிக்கற நாள்ல பார்க்கணும், விழற தண்ணியைக் காத்து அப்படியே தூக்கி மேல எறியும், அருவி தலைகீழாப் பாயும். பாதை அருவிக்கு மேல போறதால அந்தத் தண்ணி பூரா நம்ம மூஞ்சிலதான், மழை நின்னப்புறமும் நனைஞ்சோம். சரியா அந்த நேரம் பார்த்து மூட்டம் விலகுச்சு, கீழ கிண்டர் ரிசர்வாயர் பளபளன்னு, அதுக்கும் அப்பால மான்செஸ்டர் டவர் பில்டிங்குங்க. கொஞ்ச நேரம் முன்னாடி உயிர் போற மாதிரி உட்கார்ந்திருந்த தம்பிதான் முதல்ல வீடியோ எடுத்தான். உங்க நீல வானத்து நாள்ல இது கிடைக்குமா சொல்லுங்க.

திரும்பற வழில ஒரு மலை முயலையும் பார்த்தோம். இந்த ஜாதி முயல் இங்கிலாந்துல பீக் டிஸ்ட்ரிக்ட்லதான் உண்டு, 19-ம் நூற்றாண்டுல வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டது. குளிர்காலத்துக்கு முழுசா வெள்ளையாயிடும், இது இன்னும் பழுப்புதான், பாதத்துல மட்டும் வெள்ளை ஏற ஆரம்பிச்சிருந்துச்சு. ரெட் கிரௌஸ் பறவை வேற ஹெதருக்குள்ள இருந்து திடீர்னு கத்திக்கிட்டே கிளம்பி ஆளைத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

கட்டுரைல "ஒண்ணுக்கும் உதவாத சதுப்பு"ன்னும் ஒரு வார்த்தை இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன். அந்த சதுப்புல ஸ்ஃபாக்னம்னு ஒரு பாசி இருக்கு, ஒரு கை அள்ளிப் பிழிஞ்சா டம்ளர்ல ஊத்தற மாதிரி தண்ணி கொட்டும், தன் காஞ்ச எடையைப் போல 20 மடங்கு தண்ணி பிடிச்சு வைக்கும். அது மக்காம அடுக்கடுக்கா அமுங்கித்தான் பீட் ஆகுது, வருஷத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், அப்ப ஒரு மீட்டர் ஆழம்னா ஆயிரம் வருஷம். கார்பனை உள்ள பூட்டி வச்சிருக்கறதும், மழைத்தண்ணி ஒரேயடியா கீழ ஊருக்குள்ள பாயாம மெதுவா விடறதும் இதுதான். தொழிற்புரட்சிக் காலத்துல இருந்து மான்செஸ்டர் பக்கத்து மில்லு புகைல இருந்த கந்தகம் இந்தப் பாசியைக் கொன்னு, மேல ஆடும் மேய்ஞ்சு, அப்பப்ப தீயும் பிடிச்சு, கிண்டர்ல பெரிய பகுதி மொட்டைக் கறுப்பாக் கிடந்துச்சு. நேஷனல் டிரஸ்ட்ங்கற பாதுகாப்பு அறக்கட்டளை 1982-ல அந்த இடத்தை வாங்குச்சு, 2003-ல இருந்து மூர்ஸ் ஃபார் த ஃபியூச்சர்ங்கற கூட்டமைப்பு இந்த மேடுகள்ல கிரஃப்புகளைக் கல்லு போட்டு அடைச்சு, ஹெலிகாப்டர்ல சாமான் இறக்கி, பாசியைத் திரும்ப நட்டுக்கிட்டு வர்றாங்க. நாம பாதையை விட்டு இறங்கி நடந்தா அதைத்தான் மிதிக்கறோம். இந்த வழியாப் போற பென்னைன் வேங்கற நெடுந்தூர நடைபாதைல சேறு ஜாஸ்தியான இடத்துல பெரிய பெரிய கல்பலகை போட்டிருப்பாங்க, அதுல நிறைய மூடிப்போன பருத்தி மில்லுகளோட தரைக்கல்லு. புகைவிட்ட மில்லோட தரை இப்ப அந்த பீட்டைக் காப்பாத்துது, எனக்கு அது மேல நடக்கறப்பல்லாம் சிரிப்பா வரும்.

இன்னொண்ணு, இந்த மேட்டுல டிக்கெட் இல்லாம நாம நடக்கறோமே, அது சும்மா வந்தது இல்ல. கிரௌஸ் வேட்டைக்காகப் பணக்காரங்க அடைச்சு வச்சிருந்த இடம் இது. 1932 ஏப்ரல் 24 அன்னிக்கு பென்னி ராத்மன்ங்கற 20 வயசுப் பையன் தலைமைல நூத்துக்கணக்கான தொழிலாளிங்க ஹேஃபீல்ட் பக்கமிருந்து வேணும்னே அத்துமீறி ஏறுனாங்க, காவலாளிங்களோட கைகலப்பாச்சு, அஞ்சு பேருக்கு ஜெயில். பீக் டிஸ்ட்ரிக்ட் நாட்டோட முதல் நேஷனல் பார்க் ஆனது 1951-ல, இந்த மாதிரி திறந்த மேட்டுநிலத்துல காலாற நடக்கற உரிமை சட்டமானது 2000-ல. 2002-ல டெவன்ஷயர் டியூக்ங்கற பிரபு, அன்னிக்கு இந்த நிலத்துக்குச் சொந்தக்காரரா இருந்த தன் தாத்தா செஞ்சதுக்குப் பொதுமேடைல மன்னிப்பே கேட்டாரு. எங்களோட வந்த பசங்களுக்கு இதைச் சொன்னப்ப, "நடக்கறதுக்கு ஜெயிலா"ன்னு நம்பவே இல்ல.

அதனால "போகாதீங்க"ன்னு எழுதறதை விட, எப்படிப் போகணும்னு எழுதுங்கங்கறதுதான் என் வேண்டுகோள். இங்க இருக்கற பிள்ளைங்களைப் பார்க்க வர்ற பெத்தவங்களும் உங்க பேப்பரைத்தான் பார்க்கறாங்க. முக்கியமா நேரம். அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை இங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்க, முந்தின நாள் வரைக்கும் அஞ்சே முக்காலுக்கு மறைஞ்ச சூரியன் மறுநாள் நாலே முக்காலுக்கெல்லாம் போயிடும், இது தெரியாம மத்தியானம் சாவகாசமா கிளம்பறவங்கதான் இருட்டுல மாட்டறது. நடைக்கு நெய்ஸ்மித் கணக்குன்னு ஒண்ணு உண்டு, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் கூட ஒரு மணி, நம்ம ஆளுங்க போட்டோவுக்கு நிக்கறதுக்கு அதுல பாதியைச் சேர்த்துக்கங்க. தலைல மாட்டற டார்ச் ஆளுக்கொண்ணு. விசில் ஒண்ணு, ஆபத்துன்னா ஒரு நிமிஷத்துக்குள்ள ஆறு தடவை ஊதி, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி ஊதணும். 999 அடிச்சா முதல்ல போலீஸ் கேட்டு, அப்புறம் மவுன்டன் ரெஸ்க்யூன்னு சொல்லணும், வர்றவங்க எல்லாரும் சம்பளம் வாங்காத வாலண்டியருங்க, காசு கேக்க மாட்டாங்க. சிக்னல் வீக்கா இருந்தா எஸ்எம்எஸ் அனுப்பலாம், அதுக்கு முன்கூட்டியே 'ரெஜிஸ்டர்'னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி 999-க்கு அனுப்பி பதிஞ்சு வச்சிருக்கணும், வீட்டுல உட்கார்ந்தே செஞ்சுடலாம்.

கடைசியா, நம்ம குரூப்புங்க சில பேர் டிஸ்போசபிள் பார்பிக்யூ தட்டைத் தூக்கிட்டு மேல ஏறறதைப் பார்த்திருக்கேன். தயவு செஞ்சு வேண்டாம். பீட் காஞ்சிருந்தா தீ உள்ளயும் இறங்கி எரியும், மண்ணுக்கடியில நாள் கணக்குல புகைஞ்சுட்டு இன்னொரு இடத்துல கிளம்பும், 2018 ஜூன்ல சாடில்வொர்த் மூர்ல பிடிச்ச தீயை அணைக்க ராணுவத்தையே கூப்பிட வேண்டியதாச்சு. சூடா வேணும்னா ஃப்ளாஸ்க்ல கொண்டு போங்க, இல்லேன்னா இறங்கி வந்து ஈடேல்ல பென்னைன் வே ஆரம்பிக்கற இடத்துலயே ஓல்ட் நாக்ஸ் ஹெட்னு பப் இருக்கு, சேத்து பூட்ஸோட வர்றவங்களை அங்க யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டாங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன்,
மான்செஸ்டர்