முகூர்த்தத்துக்கு வேட்டி

அட்டன்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதமும் செர்வானிப் படமும் கிடைத்தன. கழுத்துவரை பொத்தான் வைத்த அந்த நீண்ட அங்கி அழகானதுதான். வட இந்தியப் பெரிய வீடுகளின் உடுப்பாக இருந்து இன்று எல்லா ஊர்க் கல்யாண மண்டபங்களுக்கும் வந்துவிட்டது. வரவேற்பன்று மாலையில் தாராளமாக உடுத்திக்கொள். தாலி கட்டும் நேரத்தில் மட்டும் நீ வேட்டி சால்வையோடு மணவறையில் இருக்க வேண்டுமென்பது என் விருப்பம், அப்பாவுக்கும் அதுவே.

அவிழ்ந்துவிடுமோ என்று பயந்து ஒட்டுப்பட்டி வைத்த வேட்டி வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். எட்டு முழ வேட்டி ஏறக்குறைய 3.6 மீற்றர் நீளமிருக்கும். அதை இரண்டாக மடித்துச் சுற்றும்போது துணி தடித்து இடுப்பில் நன்றாகப் பிடித்து நிற்கும். நாலு முழம் வீட்டோடு சரி, இந்த மலைக்காற்றில் அதை நம்பி மண்டபத்துக்குப் போக முடியாது. புது வேட்டி கஞ்சி விறைப்பில் சொன்னபடி கேட்காது. ஆகவே ஒருமுறை நனைத்துக் காயவைத்து, கால்களைச் சற்று அகட்டி நின்று கட்டிப் பழகு. பெரியவர்கள் எதிரே மடித்துக் கட்டியதை இறக்கிவிட வேண்டுமென்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் முற்றத்தில் சாரத்தோடு கிரிக்கெட் ஆடிய நாட்களில், தாத்தாவைக் கண்டதும் நீ செய்ததுதான்.

மருமகள் சேலையோடு அவ்வளவு நேரம் உட்கார முடியுமா என்று கேட்டாளாம். உன் பாட்டி சேலையோடுதான் முப்பது ஆண்டுகள் கொழுந்து எடுத்தார். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, அதன்மேல் இடுப்பைச் சுற்றிப் படங்கைக் கட்டுவார். தேயிலை வாது கிழிக்காமலும் காலைப்பனி உள்ளே இறங்காமலும் காத்தது அந்த முரட்டுத் துணிதான். கூடைக் கயிறு உச்சியை அழுத்தாமலிருக்கத் தலையில் ஒரு துணி மடிப்பு, மழை வந்தால் அதன்மேல் கறுப்புக் கம்பளி. இத்தனையையும் சுமந்துகொண்டு மலையேறினார் என்று அவளிடம் சொல்லாதே, பயந்துவிடுவாள். பட்டுச்சேலையின் பாரம் பெரும்பாலும் சரிகையில்தான் இருக்கிறது என்று மட்டும் சொல். கூறைச் சேலைக்குக் கரை சிறியதாகவே பார்க்கிறேன்.

அலங்காரம் செய்பவர், கண்டிச் சிங்களப் பெண்களின் ஒசரிச் சேலைக்கட்டைப் போல இடுப்பில் மடிப்பை விரித்துக் கட்டலாமா என்று கேட்டார். எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் மணமகளின் விருப்பத்தைக் கேட்காமல் பதில் சொல்லவில்லை. கேட்டு எழுது.

வேட்டிக்கு அளவு தேவையில்லை. பட்டுச் சட்டைக்குத் தோளளவும் கழுத்தளவும் வேண்டுமென்று தையல்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். வரும் கிழமைக்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா