ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் மைனிக்கு

அன்புள்ள மைனி,

போன தடவை பேச்சிப்பாறை வந்தப்போ, படி இறங்குறதுக்கு நீங்க சுவரைப் பிடிச்சதைப் பார்த்தேன். "முட்டுவலிதானே, தைலம் தேச்சா போயிரும்"னு சொல்லிட்டீங்க. பிசியோதெரபி வேலையில இருக்கிற எனக்கு அதைக் கேட்டுட்டு சும்மா இருக்க முடியல.

வெயில் ஏறுனா பால் ஓட்டம் குறைஞ்சிரும், இருட்டோடதான் போகணும், சரி. கீழ்வெட்டுக்குக் குனிஞ்சு, மேல்வெட்டுக்கு அண்ணாந்து, ஒரு விடியலுக்குள்ள 300 மரம். வலி வராம இருந்தாத்தான் ஆச்சரியம். என் பயம் வலியைப் பத்தினது இல்ல மைனி, அது உங்களை எங்கே தள்ளிவிடும்ங்கிறதுதான். முட்டு வலிச்சா தொடைச் சதை தன்னாலே தளர்ந்து போகும். சரிவுல இறங்கும்போது முட்டு திடீர்னு மடங்கும். அடியில ஈர இலை, கையில பால் வாளி. விழுந்த பிறகு எல்லாரும் "கால் வழுக்கிட்டு"ன்னுதான் சொல்வாங்க. முட்டுவலியை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க.

ராத்திரி விரல் மரத்துப்போய் முழிப்பு வருதுன்னீங்களே, அதை நான் இன்னும் பெருசா எடுத்துக்கறேன். தினமும் கத்தியை இறுக்கிப் பிடிக்கிறதுல மணிக்கட்டு நரம்பு நசுங்கினா அப்படி வரும். பிடி தளரும், கத்தி நழுவும். பாலை ஷீட்டா அடிக்கிற மெஷினுக்குள்ள விரல் எவ்வளவு தூரம் போயிருக்குன்னே தெரியாது. தூக்கமும் கெட்டுப்போனா கேக்கவே வேண்டாம்.

மெடிக்கல்ல வாங்குற அந்த மாத்திரை... சதைப் பிடிப்புக்குக் குடுக்கிற சிலதுல நல்லா தூக்கம் வரும். அதைப் போட்டுட்டா ஹெட்லைட்டும் கத்தியுமா மலை ஏறுறீங்க? வெறும் வயித்துல வலி மாத்திரை போட்டா குடலும் புண்ணாகும்.

20 லிட்டர் பால்னா கிட்டத்தட்ட 20 கிலோ. ஒரே கையில தூக்காம, ரெண்டு வாளியில பாதி பாதியா எடுங்க. நடை கூடும்தான், அண்ணன் முணுமுணுப்பான், முணுமுணுக்கட்டும். மெஷின்ல ஷீட் போடுற வேலையைக் கை மரப்பு சரியாகுற வரைக்கும் அவனே பார்க்கட்டும்.

இன்னொண்ணு. நீங்க வெட்டுறது அடுத்தவங்க தோட்டம். எங்கேயாவது விழுந்தா மறைக்காம அன்னைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லிருங்க. வேலையில அடிபட்டா இழப்பீடு கேக்க 1923லேயே சட்டம் வந்தாச்சு, ஆனா சொல்லாம விட்டா பிறகு நிரூபிக்கிறது பெரும்பாடு.

வெட்டு இல்லாத நாளாப் பார்த்து ஆசாரிப்பள்ளம் வாங்க, எலும்பு டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். அந்த மாத்திரை அட்டையை மறக்காம கொண்டு வாங்க.

உங்க கொழுந்தன்