கலாபகஸ் கப்பலும் மஞ்சள் காய்ச்சல் சான்றும்

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தைகளோடு தென் அமெரிக்காவின் எக்வடோர் நாட்டுக் கலாபகஸ் தீவுகளுக்குக் கப்பல் பயணம் போவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை அறை வசதி, கட்டணம் எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னது. 'எந்தத் தேதி மலிவோ அதில் பதிவு செய்யுங்கள்' என்ற யோசனையைத்தான் ஏற்க முடியவில்லை. அங்கே தேதி மாறினால் பார்க்கும் தீவும் மாறிவிடும்.

கலாபகஸ் தேசியப் பூங்காவின் விதி அப்படி. ஒரு கப்பல் ஒரே இடத்துக்கு 14 நாளுக்குள் மறுபடி போகக் கூடாது. அதனால் கப்பல்காரர்கள் 15 நாள் சுற்று ஒன்றை வகுத்து, அதை நான்கு, ஐந்து, எட்டு நாள் துண்டுகளாக விற்கிறார்கள். ஒரு வாரம் ஏறுபவருக்கு மேற்கே இசபெல்லாவும் பெர்னாண்டினாவும் கிடைக்கும்: பறக்கத் தெரியாத நீர்க்காகம், பென்குயின், பாறை முழுக்கக் கடல் உடும்பு. அடுத்த வாரம் அதே கப்பலில், அதே அறையில் ஏறுபவர் தென்கிழக்கே எஸ்பானோலாவுக்குப் போவார். அங்கே கூடு கட்டும் அல்பட்ராஸ் எனும் பெரிய கடற்பறவை ஏறக்குறைய ஏப்ரல் முதல் டிசம்பர் வரைதான் இருக்கும். பிப்ரவரியில் போய்த் தேடிப் பயனில்லை. வடக்கே ஜெனோவேசா பறவைப் பிரியர்களின் சொர்க்கம். ஆனால் இரவு முழுதும் திறந்த கடலில் ஓட்டம், விடிந்ததும் செங்குத்தான பாறைப்படி. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை முதல் பயணமாக வைக்க வேண்டாம். ஆகவே முகவரிடம் முதலில் கேட்க வேண்டியது, நீங்கள் போகும் தேதிக்கான நாள்வாரி இறங்குமிடப் பட்டியல். நான்கு நாள் பயணம் என்றால் முழுதாகக் கிடைப்பது இரண்டே நாள். முதலும் கடைசியும் பெரும்பாலும் விமான நிலையத்தோடு போய்விடும்.

கடலைப் பற்றியும் கட்டுரை மௌனம். நிலநடுக்கோட்டுத் தீவுதானே, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் அதிகம். ஜூன் முதல் நவம்பர் வரை ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் வலுத்திருக்கும். இசபெல்லாவின் மேற்கில் ஆழ்கடல் குளிர்நீர் மேலே எழும்பி வரும். பென்குயின் அங்கே பிழைப்பதே அதனால்தான். தண்ணீர் 18 முதல் 22 டிகிரிதான். முகமூடி போட்டு நீந்தும் பிள்ளைகள் கொஞ்ச நேரத்திலேயே நடுங்கி ஏறிவிடுவார்கள். குழந்தை அளவில் குளிர் தாங்கும் நீச்சல் உடை கப்பலில் ஒன்றிரண்டுதான் இருக்கும் என்பதால் உயரம், எடையை முன்பே எழுதி அனுப்புங்கள். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை அலையும் கூடுதல். அந்த மாதங்களில் ஒற்றை உடல் படகைவிட இரட்டை உடல் கொண்ட கட்டமரான் குறைவாக உருளும். கீழ்த்தளத்தில் நடுப்பகுதி அறை கேளுங்கள். பால்கனி உள்ள மேல்தள அறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் கூடுதல் ஆட்டத்தையும் வாங்குகிறார்கள். வாந்தி மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்தால் நிற்காது. அளவைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரையிறங்குவது 'பாங்கா' எனும் ரப்பர் படகில். மணற்கரை என்றால் விளிம்பில் உட்கார்ந்து காலை வெளியே போட்டு முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டும். பாறைக்கரைதான் ஆபத்து: பாசி வழுக்கும், அலையில் படகு ஏறி இறங்கும். மாலுமியின் உள்ளங்கையைப் பிடிக்காமல் முன்கையைப் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். ஈரக் கை நழுவினாலும் முன்கைப் பிடி நழுவாது. கையில் கேமரா, பை எதுவும் கூடாது. விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் விலகி நிற்பது விதி. ஆனால் கடற்சிங்கக் குட்டிக்கு அந்த விதி தெரியாது, நேராகப் பிள்ளையின் காலருகே வந்துவிடும். தொடாமல் பின்வாங்கப் பழக்குங்கள்.

சைவர்கள் 'மீனும் முட்டையும் கூட வேண்டாம்' என்று பதிவு செய்யும்போதே எழுதித் தர வேண்டும். கப்பல் கிளம்பிய பிறகு சாமான் வாங்க வழி கிடையாது. நாமே கொண்டுபோகலாம் என்றால் பழம், கறிவேப்பிலை, முளைக்கக்கூடிய விதை எல்லாம் பெட்டிச் சோதனையில் பறிபோகும்.

நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்ட் 1 முதல் இரட்டிப்பாகிவிட்டது: நம்மவர்களில் பெரியவருக்கு 200 டாலர், 12 வயதுக்குட்பட்டவருக்கு 100. கட்டுரையில் இருந்தது பழைய கணக்கு. ரொக்கமாக வைத்திருங்கள். தீவுகளுக்குப் போக வாங்க வேண்டிய பயண அட்டைக்குத் தலைக்கு 20 டாலர் தனி.

கட்டுரையில் விட்டுப்போனவற்றில் பெரியது, கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி. தீவுகளுக்கு மட்டும் போகிறவருக்கு அது தேவையில்லை என்று வெளிநாட்டு வழிகாட்டிகளில் போட்டிருக்கும். நோய் அபாயத்தைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் தீவுகள் எக்வடோரைச் சேர்ந்தவை. எக்வடோர் இந்திய அரசின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி 6 நாளுக்குள் இந்தியாவில் இறங்குபவரிடம் தடுப்பூசிச் சான்று இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே சான்று செல்லும். அதன்பின் ஆயுளுக்கும் போதும். 9 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் போட மாட்டார்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பாஸ்போர்ட் கட்டாயம், நாளையும் நேரத்தையும் முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். இதையும் புதிய கட்டணத்தையும் அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடக் கோருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி