கோர்ட்டரின் பதிலையும் படிப்போம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தேர்தலையும் பழைய தொழிற்சங்கங்களையும் புறக்கணிக்கச் சொன்ன மேற்கு ஐரோப்பிய இடது கம்யூனிஸ்டுகளைக் கண்டித்து லெனின் 1920இல் எழுதிய ‘இடதுசாரி கம்யூனிசம்: இளம்பருவக் கோளாறு’ நூலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். லெனின் தரப்பைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். ஆனால் எதிர்த்தரப்பை ‘அவசரக்கார இளைஞர்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது வருத்தமாக இருந்தது. முப்பது வருடங்களாக நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன், அவர்கள் எழுதியதில் ஒரு பக்கம்கூடப் படிக்காமல்.

1920இல் லெனினுக்கு வயது 50. அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிப் பதில் சொன்ன டச்சுக் கவிஞர் ஹெர்மன் கோர்ட்டருக்கு 55. இன்னொருவரான அன்டன் பன்னகூக் 47 வயது வானியலாளர். 1912இல் ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியின் கோட்பாட்டாளர் காவுட்ஸ்கியோடு பன்னகூக் நடத்திய விவாதத்தை ‘அரசும் புரட்சியும்’ நூலில் எடுத்துப் பேசும் லெனின், குறைகளைச் சுட்டிக்காட்டினாலும் பன்னகூக் பக்கமே நிற்கிறார். அந்த நூலை எத்தனையோ முறை வகுப்பெடுத்திருக்கிறோம். அந்தப் பெயரில் ஒருநாளும் நின்றதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் வாசிப்பு வட்டத்தில் கோர்ட்டரின் கடிதத்தை எடுத்துக்கொண்டோம். ஒரு தோழர் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஓடின. கோர்ட்டர் கேட்பது இதுதான்: ரஷ்யாவில் தொழிலாளருக்குப் பக்கபலமாகக் கோடிக்கணக்கான ஏழை விவசாயிகள் இருந்தார்கள், மேற்கு ஐரோப்பாவில் தொழிலாளி தனியாக நிற்கிறான், அப்படியிருக்க, அங்கே வென்ற வழி இங்கே எப்படிப் பொருந்தும்? தலைவர்களின் சாமர்த்தியம் இங்கே போதாது, ஒவ்வொரு தொழிலாளியும் தானே யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்கிறார். இதைக் கோளாறு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

பழைய தொழிற்சங்கங்களை விட்டு வெளியேறுங்கள் என்று அவர்கள் சொன்னதற்கும் காரணம் இருந்தது. ஜெர்மன் சங்கத் தலைமை 1914இல் முதல் உலகப் போரை ஆதரித்தது. 1919 ஜனவரியில் கம்யூனிஸ்ட் தலைவர்கள் ரோசா லக்சம்பர்க்கும் கார்ல் லீப்னெக்டும் கொல்லப்பட்டபோது ஆட்சியில் இருந்தது அந்தச் சங்கங்களின் தோழமைக் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சி. அந்தக் கோபத்தில்தான் பல்லாயிரம் தொழிலாளர்கள் 1920 ஏப்ரலில் தனியாக ஜெர்மன் கம்யூனிஸ்ட் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார்கள். அதன் பிரதிநிதியான யான் அப்பெல் என்ற கப்பல் பட்டறைத் தொழிலாளி, தோழர்களோடு ஒரு மீன்பிடிக் கப்பலைக் கைப்பற்றி ரஷ்யா போய்ச் சேர்ந்தார். லெனின் அவர்களைச் சந்தித்து, ‘இளம்பருவக் கோளாறு’ கையெழுத்துப் பிரதியிலிருந்தே சில பகுதிகளைப் படித்துக் காட்டினார். வாசிப்பு வட்டத்தில் இதைக் கேட்டபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சரி, அவர்கள் சொன்னதெல்லாம் சரியா? இல்லை என்றே நினைக்கிறேன். அதே 1920 மார்ச்சில் காப் என்ற வலதுசாரியின் தலைமையில் பெர்லினில் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பைச் சில நாட்களில் முறியடித்தது பொது வேலைநிறுத்தம். அதற்கு அறைகூவல் விடுத்தவர்களில் அந்தப் பழைய சங்கங்களும் உண்டு. சங்கத்துக்குள் இருந்தே வேலை செய்யுங்கள் என்று லெனின் வற்புறுத்தியதன் நியாயம் எனக்கு இங்கேதான் புரிகிறது. அந்த ஜெர்மன் இடது கம்யூனிஸ்டுகளில் ஒருவரான ஒட்டோ ரூலெ பிற்காலத்தில் போல்ஷெவிசத்தையும் பாசிசத்தையும் ஒரே தட்டில் வைத்ததை என்னால் ஏற்கவே முடியாது.

இன்னொன்று. இடது கம்யூனிஸ்டுகள் எல்லாரையும் ஒரே கூடையில் போடுவதும் தவறு. இத்தாலியின் போர்டிகா தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னவர். ஆனால் கட்சி விஷயத்தில் லெனினைவிடக் கறாரானவர். பன்னகூக்கோ கடைசியில் கட்சியையே விட்டுவிட்டு, தொழிலாளர்கள் தாங்களே அமைக்கும் தொழிலாளர் சபைகளை மட்டுமே நம்பினார்.

லெனினின் நூல் தமிழில் எவ்வளவோ காலமாகக் கிடைக்கிறது. கோர்ட்டரின் கடிதத்தையும் உங்கள் இதழ் தொடராக வெளியிட வேண்டுகிறேன். மொழிபெயர்க்க எங்கள் தோழர் தயாராக இருக்கிறார். மெய்ப்புப் பார்க்க நான் வருகிறேன்.

தோழமையுடன்,
ஒரு நெடுநாள் வாசகர், திருப்பூர்