கெட்டித் தண்ணீர் வேண்டாம் என்றால்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என்னைப் போலவே பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளரான நீ முதியோர் பராமரிப்புப் பிரிவுக்கு மாறியதில் எனக்கு மகிழ்ச்சி. நீ கேட்டதற்கு நேராக வருகிறேன். பக்கவாதத்தால் பேச்சு குறைந்து, விழுங்கவும் சிரமப்படும் பெரியவர் ஒருவர் கெட்டியாக்கிய தண்ணீரைத் தள்ளிவிட்டுச் சாதாரணத் தண்ணீர் கேட்கிறார். மகனோ கொடுக்கவே கூடாது என்கிறார். செவிலியர்கள் உன் முகத்தைப் பார்க்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது என்கிறாய்.

அதற்கு முன்னால், நம் அறிவுரைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார்ப்போம். கெட்டித் திரவம் மெதுவாக இறங்குவதால் மூச்சுக்குழாய்க்குள் போவது குறைகிறது. எக்ஸ்ரே பரிசோதனையில் அது கண்ணுக்கே தெரியும். அதனால் நிமோனியா என்னும் நுரையீரல் தொற்று குறைகிறதா என்பது வேறு கேள்வி. டிமென்ஷியா (மறதி நோய்) அல்லது பார்க்கின்சன் நோய் உள்ள 515 பேரை மூன்று மாதம் கவனித்த அமெரிக்க ஆய்வு 2008-ல் வெளிவந்தது. தாடையைத் தாழ்த்திச் சாதாரணத் திரவம் குடித்தவர்களுக்கும் கெட்டித் திரவம் குடித்தவர்களுக்கும் நிமோனியாவில் தெளிவான வித்தியாசம் காணப்படவில்லை. நீரிழப்பு, சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கெட்டித் திரவம் குடித்தவர்களிடமே கூடுதல். அதற்காகக் கெட்டித் திரவமே வீண் என்று சொல்ல வரவில்லை. வாய்க்கு வாய் இருமித் தவிப்பவர் அதனால் நிம்மதியாகக் குடிப்பதும் உண்டு. ஆனால் "இதைக் குடித்தால் நிமோனியா வராது" என்று உறுதி சொல்ல நமக்கு உரிமை இல்லை. பயமுறுத்தி வாங்கும் சம்மதத்தை நான் சம்மதமாகவே எண்ணுவதில்லை.

அவர் எதை மறுக்கிறார் என்றும் பார். நீ எழுதித் தந்தது கெட்டித்தன்மை அளவுகோலில் இரண்டாம் நிலை; அவர் கையில் வருவதும் அதுதானா? 10 மி.லி. சிரிஞ்சில் தண்டை எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 மி.லி. வரை ஊற்று. விரலை எடுத்துப் பத்து வினாடியில் மறுபடி மூடு. 4 முதல் 8 மி.லி. வரை மீந்தால் இரண்டாம் நிலை. அதற்கு மேல் மீந்தால் மூன்று. சொட்டே விழாவிட்டால் நான்கு. மாவுச்சத்துத் திக்கனர் (திரவத்தைக் கெட்டியாக்கும் பொடி) கலந்தது வைக்க வைக்க இறுகும். காலையில் கலந்து கட்டிலருகே வைத்த தம்ளர் மதியத்தில் பசைபோல் ஆகியிருந்தால், அவர் மறுப்பது நீ எழுதியதை அல்ல. எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு: மலச்சிக்கலுக்குத் தரும் மேக்ரோகால் மருந்தை மாவுச்சத்துத் திக்கனரோடு கலந்தால் திரவம் நீர்த்துவிடும். அவருடைய மருந்துப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடு.

அடுத்தது வாய். முதியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பைக் கூட்டுபவற்றை ஆராய்ந்து 1998-ல் வந்த முடிவுகளில் முன்னால் நின்றவை, சாப்பிடவும் பல் துலக்கவும் பிறரை நம்பியிருப்பதும் சொத்தைப் பற்களும். தண்ணீரைத் தடுக்க இத்தனை பேர் இருக்கிறார்கள். பல் துலக்கிவிட யார் இருக்கிறார்கள்? ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டு "வாய் சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதிவிடுவது எங்கும் நடக்கிறது. டார்ச் அடித்துக் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் நீயே பார். பல்செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவுகிறார்களா என்று கேள்.

இனி அவர் முடிவு. பேச்சு போனதால் முடிவெடுக்கும் திறனும் போய்விட்டது என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இதைத் திருத்த வேண்டியவர்கள் நாம்தான், நம்மைத் தவிர அங்கே யாருக்கும் அந்தப் பயிற்சி இல்லை. கண்ணாடி, காதுக் கருவி மாட்டியிருக்கட்டும். அவர் தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போ. இரண்டு தம்ளர்களையும் முன்னால் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும், பெரிய எழுத்திலும் படத்திலும் காட்டிச் சொல். "சாதாரணத் தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்து "கெட்டித் தண்ணீர் வேண்டுமா?" என்று கேள். இரண்டுக்கும் தலையாட்டினால் அந்த 'ஆம்' நம்பத்தக்கதல்ல. வேறொரு நாளும் கேட்டுப் பார். சொன்னது புரிகிறதா, அது தனக்கே நேரலாம் என்று உணர்கிறாரா, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறாரா, தன் விருப்பத்தைத் தெரிவிக்க முடிகிறதா என்ற நான்கையும் தனித்தனியாகக் குறித்துவை. மகன் உடன் இருக்கலாம், ஆனால் பதில் அவருடையதாக இருக்க வேண்டும். ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது: நாம் சொன்னதற்குத் தலையாட்டும் நோயாளியின் திறனை யாரும் சோதிப்பதில்லை, மறுத்தால்தான் சந்தேகம் வருகிறது.

புரிந்துதான் மறுக்கிறார் என்றால், கையெழுத்து வாங்கிக்கொண்டு விலகிவிடாதே. அந்தக் காகிதம் இரவில் தம்ளரைப் பிடிக்கும் செவிலியருக்கு எதையும் சொல்லித் தராது. வாயைச் சுத்தம் செய்தபின், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, நிமிர்ந்து உட்காரவைத்து, விழிப்பாக இருக்கும்போது மட்டும் சிறு மிடறுகளாகத் தண்ணீர். அதோடு மாத்திரையோ உணவோ கூடாது. காய்ச்சல், சளி, மூச்சு வேகம் ஆகியவற்றை யார், எப்போது பார்ப்பது? எது நேர்ந்தால் மறுபடி பேசுவது? இவற்றை அவரோடும் மருத்துவரோடும் சேர்ந்து முடிவு செய்து, மறுபரிசீலனைத் தேதியோடு எழுதிவை. புரையேறியும் இருமல் வராதவர்கள் உண்டு. படுக்கையருகே பார்ப்பது மட்டும் போதாதென்று தோன்றினால், அவர் சம்மதத்தோடு வீடியோஃப்ளூரோஸ்கோபியோ (விழுங்குவதைப் படமெடுக்கும் எக்ஸ்ரே பரிசோதனை) மூக்கு வழி எண்டோஸ்கோப்பியோ கேள்.

மகனைத் தனியாக உட்காரவைத்துப் பேசு. அவர் பிடிவாதத்துக்குள் இருப்பது பயம். என்ன நடக்கலாம், நடந்தால் என்ன செய்வோம் என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும்.

முற்றிய டிமென்ஷியாவில் உணவூட்டும் குழாய் வைப்பது பற்றியும் கேட்டிருந்தாய். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-ல் சொன்னதையே நானும் சொல்வேன்: குழாய் பரிந்துரைக்கத்தக்கதல்ல, பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல். வாயை மூடினால், முகத்தைத் திருப்பினால் அங்கே நிறுத்திவிட வேண்டும். "உணவை நிறுத்துகிறோம்" என்ற வார்த்தை மட்டும் குடும்பத்தார் காதில் விழக் கூடாது. அவர் விரும்பும் அளவு, விரும்பும்போது கொடுக்கிறோம் என்று சொல்.

அவருடைய ஆம்-இல்லை இரண்டு நாளும் எப்படி இருந்தன, மதியத் தம்ளரை அளந்தபோது சிரிஞ்சில் எவ்வளவு மீந்தது என்று எழுது.

அன்புடன்,
உன் தோழி